பெரிய மட்டி மட்டுமே இருந்த ஓடை: பெகு வட்டாரத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வருகிறவர்கள் எல்லாரும் இன்றும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். அதனால் ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே இல்லை.

பின்னணி

பர்மாவில் பெகு நகரத்துக்கு வடகிழக்கே, சித்தாங் சமவெளியில் உள்ள நெல் கிராமம் அது. பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் செட்டியார் நிலங்களில் குத்தகைக்கு உழ வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும். மற்றவர்கள் பர்மியரும் கரேன் இனத்தவரும். ஊருக்கு மேற்கே முனீஸ்வரன் கோயில், கிழக்கே பொங்கி (புத்த பிக்கு) மடம். இரண்டையும் தொட்டுக்கொண்டு ஓர் ஓடை போகிறது. ஓடை ஆற்றில் சேரும் இடத்தில், வெள்ளக்கரையின் குறுக்கே ஒரு மதகு இருக்கிறது.

இந்தப் பகுதியின் தண்ணீர்க் கட்டுமானங்கள் பல பழையவை. பெகு–சித்தாங் கால்வாய்க்கு நீர் கொடுப்பதற்காக 1878-இல் உண்டாக்கிய மொயுங்ஜி ஏரியும் இந்தச் சமவெளியில்தான் இருக்கிறது. அதை 1988-இல் சரணாலயம் ஆக்கினார்கள்; 2004-இல் அது, பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் பர்மாவின் முதல் இடமானது. ஏரிக்குக் காவல் உண்டு. சுற்றுவட்டாரத்தில் வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஓடும் சின்ன ஓடைகளுக்குக் காவலும் இல்லை, கணக்கும் இல்லை.

ஓடையில் இருந்த நன்னீர் மட்டிகள் (ஆற்றுச் சிப்பி என்றும் சொல்வார்கள்) நீள்வட்டமான, கரும்பழுப்பு ஓடு கொண்டவை. மாசியிலிருந்து சித்திரை வரை தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியிருக்கும்போது பெண்கள் காலால் சேற்றைத் துழாவி எடுப்பார்கள். விளிம்பு பாதத்தில் தட்டியதும் குனிந்து பிடுங்கிக் கூடையில் போடுவார்கள். நல்லதாகப் பார்த்து வீட்டுக்குழம்புக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வாத்துப் பண்ணைக்காரரிடம் வீசைக் கணக்கில் போடுவார்கள். வீசை என்பது இங்கே 1.6 கிலோவுக்குச் சற்று மேல். கோடையில் வேறு வேலை கிடைக்காத வீடுகளுக்கு அது கைச்செலவுக் காசு.

தகராறு வந்த விதம்

ஒரு கோடையில் கூடை நிரம்புவதற்கு முன்பைவிட இரண்டு மடங்கு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று பெண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். வாத்துப் பண்ணை பெரிதாகிவிட்டது, அதனால்தான் மட்டி தீர்கிறது என்றார்கள் வயல்காரர்கள். வயலில் நத்தையைக் கொல்ல மயில்துத்தம் போடுகிறீர்கள், அந்தத் தண்ணீர் இறங்கித்தான் மட்டி சாகிறது என்றார் பண்ணைக்காரர். இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் என்பதால் பேச்சு கோயில் கமிட்டிவரை வந்தது. மீன்குஞ்சுப் பண்ணையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

மட்டி எடுப்பதில் மூத்தவரான ஓர் அக்கா மட்டும் குறைவு என்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. "எண்ணிக்கை கொறஞ்சிருக்கலாம் தம்பி. ஆனா ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம் இருக்கு பாருங்க. நோஞ்சானா இருந்தா கவலைப்படலாம். இது நல்லாத்தானே வளருது?" என்று கூடையைச் சாய்த்துக் காட்டினார். எல்லாமே பெரியவை. ஓட்டின் முட்டுப்பகுதி (கீலருகே உள்ள புடைப்பு) தேய்ந்து உள்ளே இருந்த முத்துப்பூச்சு தெரிந்தது. பார்த்தவர்களுக்கு அது செழிப்பாகத்தான் பட்டது. இந்த நிகழ்வில் எல்லாரையும் நெடுநாள் திசைதிருப்பியது அந்தச் செழிப்புதான்.

தூர்வாரிய மண்ணில் கண்டது

அதே கோடையில் ஓடையின் மேல்பகுதியைத் தூர்வார இயந்திரம் வந்தது. வாளி வாளியாக அள்ளிக் கரையில் கொட்டிய சேற்றில் மட்டிகள் வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தன. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. பிள்ளைகளும் பெண்களும் பொறுக்கி முடித்த பிறகும் நாற்றம் நாலைந்து நாள் நின்றது.

மட்டிக்கு அது பேரிழப்புதான். ஆனால் காலில் தட்டுவதை மட்டும் பார்த்திருந்த ஊருக்கு ஓடையின் அடிமண் முழுவதும் கரையேறி வந்தது அப்போதுதான். வாலிபர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, கொட்டிய மண்ணை இடம் இடமாக எடுத்து முதலில் அரிசிச் சல்லடையிலும் பிறகு கொசுவலைத் துணியிலும் அலசினோம். அலசியதை வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பிப் பார்த்தோம்.

பெரிய மட்டி உயிரோடு நிறைய இருந்தது. வெற்று ஓடும் நிறைய. ஆட்காட்டி விரல் நீளத்துக்குக் குறைந்த மட்டி ஒன்றுகூட இல்லை. ஓட்டில் உள்ள வளையங்களை எண்ணி வயது சொல்லலாமே என்று ஒரு தம்பி கேட்டான். குளிர்நாடுகளில் அது ஓரளவுக்குச் சரி. பனிக்காலத்தில் வளர்ச்சி நின்று ஆண்டுக்கு ஒரு கோடு விழும். வெப்பநாட்டு ஓடையில் வறட்சி, வெள்ளம், கலங்கல் என்று எதற்கு வேண்டுமானாலும் கோடு விழும். அதனால் வயதை விட்டுவிட்டு அளவை மட்டும் குறித்தோம்.

அதே தட்டில் வேறொன்றும் இருந்தது. மஞ்சள் கலந்த சின்னக் கிளிஞ்சல். முழு வளர்ச்சியிலும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். அது கடுகளவிலிருந்து முழு அளவுவரை எல்லா அளவிலும் கிடைத்தது. ஆனால் மயில்துத்தம் போடும் வயல்களின் வடிகால் சேரும் கீழ்ப்பகுதியில், நாங்களாகவே வாளியால் அள்ளி அலசியபோது கிளிஞ்சலில்கூடச் சின்னது இல்லை. இந்த வேறுபாடு என்ன சொல்கிறது என்று அன்றைக்கு யாரும் நின்று யோசிக்கவில்லை. குறிப்பேட்டில் மட்டும் ஏறியது.

முதல் முடிவு: எடுப்பதை நிறுத்துவது

கமிட்டி கூடியது. கோயிலுக்கும் மடத்துக்கும் இடையில் உள்ள ஓடைப்பகுதியில் மட்டி எடுக்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். காரணம் எளிமையானது: தாயை விட்டுவைத்தால் குஞ்சு வரும். கோழி, ஆடு, விரால் எதை வளர்த்தவருக்கும் அது நியாயமான கணிப்பு. அதோடு, தகராறில் இருந்த இரண்டு பக்கமும் முகம் முறியாமல் ஒப்புக்கொள்ளக்கூடிய ஏற்பாடு அது ஒன்றுதான். பண்ணைக்காரர் வெளியூர்த் தீவனம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வயல்காரர்களுக்கு அதில் எந்தச் செலவும் இல்லை. முழுச் சுமையும் மட்டி எடுத்த பெண்கள் மேல் விழுந்தது. அவர்கள் கமிட்டியில் இல்லை.

அடுத்த கோடையில் அதே இடங்களில் மறுபடி அள்ளி அலசினோம். பெரியவை இருந்தபடியே இருந்தன. சின்னது ஒன்றும் இல்லை. இதற்கிடையில் சில பெண்கள் விடியுமுன் போய் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் தெரிந்தது. கமிட்டியில் சிலர் அதுதான் தடை பலிக்காததற்குக் காரணம் என்றார்கள். அந்த வாதம் நிற்காது. எடுத்தது பெரியவற்றை; இல்லாமல் இருந்தது சின்னவை.

மீன் பக்கம் திரும்பியது

மட்டியின் பிறப்பு கோழி, ஆட்டைப் போன்றது இல்லை. ஆண் மட்டி விந்தைத் தண்ணீரில் விடும். பெண் மட்டி அதை மூச்சுநீரோடு உள்ளே இழுத்துத் தன் செவுளிலேயே முட்டைகளைக் கருவாக வளர்க்கும். வெளிவரும் இளவுயிரி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது தானாக மண்ணில் இறங்கி மட்டியாகிவிட முடியாது. ஏதாவது ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ கவ்விக்கொண்டு, சில நாளோ சில வாரமோ ஒட்டியிருந்து, உருமாறிய பிறகுதான் உதிர்ந்து மண்ணுக்குள் புதையும். மீன் கிடைக்காத இளவுயிரி சில நாளில் செத்துவிடும். எல்லா மீனும் உதவாது. மட்டிக்கு ஏற்ற மீனாக இருக்க வேண்டும். ஒருமுறை நிறைய ஒட்டிய மீனின் உடல் அடுத்தமுறை எதிர்த்து உதறிவிடுவதும் உண்டு. ஆகவே ஆண்டுதோறும் புதிய மீன்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

சின்ன மஞ்சள் கிளிஞ்சலுக்கு இந்த மீன் தேவையே இல்லை. அது தன் குஞ்சுகளை நேராகத் தண்ணீரில் விட்டுவிடும். குறிப்பேட்டில் கிடந்த வேறுபாடு இப்போது பேசத் தொடங்கியது. மேல்பகுதியில் கிளிஞ்சல் எல்லா அளவிலும் இருக்கிறது என்றால் அங்கே மண்ணும் தண்ணீரும் குஞ்சைக் கொல்லவில்லை. மட்டிக்கு மட்டும் ஏதோ இல்லை. அது மீனாக இருக்க வேண்டும். கீழ்ப்பகுதியில் கிளிஞ்சல் குஞ்சும் இல்லை என்றால் அங்கே தண்ணீரோ மண்ணோ கெட்டிருக்கிறது. செம்பு மட்டி இனத்துக்குக் கடும் நஞ்சு. மயில்துத்தம் செம்பு உப்புதான். வளர்ந்த மட்டி ஓட்டை மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும். சேற்றில் இருக்கும் குஞ்சுக்கு அந்தத் தெம்பு இல்லை. ஒரே ஓடையில் இரண்டு நோய். தகராறில் இரண்டு பக்கமும் பாதி சரி, பாதி தவறு.

மீனைப் பார்க்க வேண்டியிருந்தது. ஐப்பசியில் வெள்ளம் வடியும்போது மேல்பகுதியில் கைவலை போட்டோம். வந்தவை பெரும்பாலும் விரால், பனையேறி, தேளிக் கெளுத்தி. இவை காற்றையும் சுவாசிப்பவை. தேங்கிய தண்ணீரிலும் பிழைக்கும். சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவிலும் பர்மியரின் கசோன் மாதப் பௌர்ணமியிலும் புண்ணியத்துக்கு விட்ட வளர்ப்பு மீன்களும் இருந்தன. ஆற்றிலிருந்து ஏறிவரும் சின்னக் கெண்டை வகைகளும் அடிமண்ணில் ஒட்டிக் கிடக்கும் உளுவையும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. மீனை ஈரக்கையில் பிடித்து, செவுள் மூடியை மெல்ல விலக்கி, கைக்கண்ணாடியில் பார்த்தோம். விராலிலும் பனையேறியிலும் ஒன்றும் இல்லை. ஓர் உளுவையின் செவுள் இழைகளில் மட்டும், சிவப்பின் மேல் உப்புத்தூள் சிந்தியதுபோல் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். பத்து வயதுப் பையன் ஒருவன்தான் அதை முதலில் கண்டான். கண்ணாடியை அவன் கையிலிருந்து வாங்கப் பெரியவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தாய் மட்டியின் பக்கம் குறை இல்லை என்பதையும் உறுதிசெய்தோம். மூங்கில் ஆப்பால் ஓட்டைக் கொஞ்சமாக விலக்கிப் பார்த்ததில் சிலவற்றின் செவுள் தடித்துக் கரு நிரம்பியிருந்தது. பார்த்ததும் திரும்ப மண்ணில் செருகிவிட்டோம்.

மீன் ஏன் குறைந்தது என்று கேட்டபோது ஊரே பதில் சொன்னது. முதல் மழைக்கு ஆற்றுநீர் ஏறும்போது மதகு மூடப்படுகிறது. முன்பு அப்படி இல்லை. நாற்று மூழ்காமல் இருக்க வைகாசியிலேயே மூடும் வழக்கம் பின்னால் வந்தது. ஆற்றுமீன் முட்டையிட வயல்வெளிக்கு ஏறும் சமயமும் அதுதான். இரண்டாவது, பேட்டரி. மாலையில் முதுகில் பேட்டரியும் கையில் கம்பியுமாக இறங்கும் பையன்கள் பெரிய மீனுக்காகப் பாய்ச்சும் மின்சாரம் சின்னதையும் சேர்த்துக் கொல்கிறது. அந்தப் பையன்கள் வேறெங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை.

இரண்டாம் முடிவு

பேசிப் பார்த்துக் கைவிட்ட யோசனைகளைச் சொல்லாவிட்டால் எடுத்த முடிவு புரியாது.

யாங்கூனில் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவர், ஐராவதி ஆற்றுப் பக்கத்திலிருந்து மட்டி வாங்கி லாரியில் அனுப்புவதாகச் சொன்னார். நல்ல மனசு. ஆனால் உலகில் அறியப்பட்ட தொள்ளாயிரத்துச் சொச்சம் நன்னீர் மட்டி இனங்களில் பல, ஒரே ஓர் ஆற்றுப் படுகைக்கு உரியவை. 2017-இல் வெளிவந்த பன்னாட்டு மரபணு ஆய்வு ஒன்று, இந்திய இனங்களின் பெயரிலேயே வெகுகாலம் அழைக்கப்பட்டு வந்த பர்மிய மட்டிகளில் பல தனி இனங்கள் என்று காட்டியது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை நம்பி ஓர் ஆற்று மட்டியை இன்னோர் ஆற்றில் கொட்டினால், உள்ளதும் கலந்துவிடும். நோயும் கூடவே வரலாம். மேலும் மீன் இல்லாத ஓடையில் ஒரு லாரி மட்டியும் குஞ்சில்லாக் கிழடாகத்தான் போகும். கடைக்காரர் அதைப் புரிந்துகொண்டு சல்லடைகளுக்கும் கண்ணாடிகளுக்கும் பணம் அனுப்பினார்.

மதகோரம் மீன் ஏற சிமெண்டுப் படி கட்டலாம் என்றது இன்னொரு யோசனை. லாவோஸில் மேகோங் கரையில் ஓரிடத்தில் அப்படிக் கட்டி மீன் ஏறியிருக்கிறது. இங்கே அதற்குப் பணமும் இல்லை, அரசுக் கட்டுமானத்தில் கைவைக்க அனுமதி கேட்டு அலையும் தெம்பும் அந்தக் காலத்தில் யாருக்கும் இல்லை.

மிஞ்சியது, இருக்கும் மதகையே வேறு மாதிரித் திறப்பது. இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. நாற்று பாழானால் யார் பொறுப்பு என்று வயல்காரர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. நடவு ஆனியின் பின்பாதியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் உழவுக்காலத்தில், முதல் வெள்ளத்தில், மதகுப் பலகையை ஓரடி தூக்கிவைத்தால் வயலில் கெடப் பயிர் இல்லை; நாற்றங்கால்கள் மேட்டில் இருக்கின்றன. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் ஒரு கரேன் விவசாயி. தண்ணீர் தன் கொல்லையில் குறிக்கல்லைத் தொட்டால் உடனே மூடச் சொல்வேன் என்ற நிபந்தனையோடு அவரே ஒப்புக்கொண்டார். அதன்பின் மற்றவர்களும் இறங்கிவந்தார்கள். மதகுக் காவலர் வாய்மொழியாகச் சம்மதித்தார்.

பேட்டரிக்குச் சட்டம் இருக்கிறது. பர்மாவின் 1991-ஆம் ஆண்டு நன்னீர் மீன்பிடிச் சட்டம் வெடி, நஞ்சு போன்றவற்றால் மீன்பிடிப்பதைக் குற்றம் ஆக்குகிறது. மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பதும் தடைசெய்யப்பட்டதே. ஆனால் அண்ணன் மகனைக் காட்டிக்கொடுக்க யாரும் போக மாட்டார்கள். கோயில் பூசாரி, ஓடைக்கரையில் முனீஸ்வரன் எல்லைக்குள் பேட்டரி இறக்குவதில்லை என்று பையன்களைச் சூலத்தின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கினார். மடத்துப் பொங்கி, மடத்தின் படித்துறையைச் சுற்றி மீனுக்கு அபயம் என்று அறிவித்தார். புண்ணியத்துக்கு வளர்ப்பு மீன் வாங்கி விடுவதற்குப் பதிலாக, வற்றும் குட்டைகளில் தவிக்கும் உள்ளூர் மீனை எடுத்து ஓடையில் விடுங்கள் என்றும் அவரே சொன்னார். அது நாங்கள் கேட்டுக்கொண்டதற்கும் மேல்.

சமாதானத்தில் எதிர்பாராத பங்கு வாத்துப் பண்ணைக்காரருடையது. வயலில் நாற்றைக் கடிப்பது தென்னமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு வந்த தங்க நத்தை. இளஞ்சிவப்பு முட்டைக்கொத்துகளைத் தண்ணீருக்கு மேலே தண்டில் ஒட்டிவைக்கும். மயில்துத்தம் போடுவது அதற்காகத்தான். மட்டிக்குப் பதில் அந்த நத்தையை வீசைக் கணக்கில் வாங்கிக்கொள்கிறேன் என்றார் அவர். ஓட்டை நொறுக்கி வைத்தால் வாத்து மிச்சம் வைக்காது. அறுப்பு முடிந்த வயலிலும் நடவுக்கு முந்தைய சேற்றிலும் வாத்துகளை மேயவிட்டார். நத்தை பொறுக்கும் வேலை, மட்டி எடுத்த பெண்களுக்கே போனது. மேல்பகுதி வயல்காரர்களில் பலர் அந்த ஆண்டே துத்தத்தை விட்டார்கள். கீழ்ப்பகுதி நிலங்கள் வெளியூர்க் குத்தகைக்காரர்கள் கையில் இருந்தன. அவர்களிடம் பேச்சு எடுபடவில்லை.

கார்த்திகைத் தீபத்தன்று கோயில் வாசலில் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஓடையின் பச்சைக் கலங்கல் தண்ணீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் இரண்டு மட்டிகளைப் போட்டு வைத்தோம். தீபாராதனை முடிந்து எல்லாரும் திரும்பும்போது மட்டி இருந்த குவளையில் தண்ணீர் தெளிந்து, அதற்குப் பின்னால் விளக்குத்திரி தெரிந்தது. கூட்டம் போட்டுப் பேசியதைவிட அது வேலை செய்தது.

இடம் மாற்றியது

கீழ்ப்பகுதியில் துத்தம் நிற்காது என்று தெரிந்ததும் அங்கிருந்த பெரிய மட்டிகளை மேலே கொண்டுவர முடிவானது. இன்னொரு காரணமும் உண்டு. ஆண் மட்டியின் விந்து தண்ணீரோட்டத்தில் பெண்ணை அடைய வேண்டும் என்பதால், தூரத் தூர ஒன்றும் இரண்டுமாகக் கிடக்கும் மட்டிகள் உயிரோடு இருந்தும் இனம் பெருக்காது. நெருக்கம் வேண்டும்.

முதல் சுமையை வாளித் தண்ணீரில் நெருக்கி அடைத்து, மாலைவரை நிழலில் வைத்திருந்து கொண்டுவந்தார்கள். பாதி வழியிலேயே சில வாய் பிளந்துவிட்டன. தேங்கிய கொஞ்சத் தண்ணீரில் மூச்சுக்காற்று தீர்ந்துபோகும். அடுத்த சுமையை விடியலில் எடுத்து, நனைந்த சாக்கில் பரப்பி, தண்ணீரே இல்லாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் முட்டுப்பகுதி கீழே போகும்படி கையால் மணலில் செருகினார்கள். இந்த வேலைக்குக் கோயில் நிதியிலிருந்து பெண்களுக்குக் கூலி கொடுத்தது கமிட்டி. ஓட்டின் ஓரத்தில் அரத்தால் ஒரு கீறல் அடையாளம். மறு ஆண்டு பார்த்ததில், ஆற்றுமணல் கலந்த கெட்டித் தரையில் நட்டவை பெரும்பாலும் அங்கேயே இருந்தன. மடுவின் இளஞ்சேற்றில் நட்டவற்றில் அடையாள ஓடுகள்தான் வெறுமையாகக் கிடைத்தன.

தூர்வாரும் இயந்திரம் மறுபடி வந்தபோது, ஓட்டுநரிடம் கேட்டு ஓடையின் ஒரு பக்கக் கரையோரத்தை வெட்டாமல் விடச் செய்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. மதியச் சாப்பாடும் தேநீரும் ஊர்ச் செலவு.

பின்விளைவு

மதகு திறந்த முதல் மழைக்காலத்திலேயே கெண்டையும் உளுவையும் கைவலையில் கூடுதலாக வந்தன. வெள்ளைப் புள்ளிகளும் கூடின. மண்ணில் மட்டும் அடுத்த கோடையில் ஒன்றும் இல்லை. கமிட்டியில் அலுப்பு தட்டியது. இயந்திரக் கலப்பைக்குச் செலவு செய்திருந்தாலாவது பயன் இருந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார்.

அதற்கடுத்த கோடையில், கோயில் படித்துறைக்கு மேலே, மருதமர வேர்களுக்கு இடையில் உள்ள மணலில், சுண்டுவிரல் நகத்தின் அளவில் மட்டிகள் கிடைத்தன. ஒன்றிரண்டு இல்லை, வேரை ஒட்டி அள்ளிய ஒவ்வொரு வாளியிலும் இருந்தன. ஓடு பச்சை கலந்த மஞ்சள், வெயிலில் பிடித்தால் உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியது. கண்டெடுத்தவர் முன்பு கூடையைச் சாய்த்துக் காட்டிய அதே அக்கா. "இதையா இத்தனை நாளா தேடினீங்க? என் மாமியார் காலத்துல இது சல்லடையில வந்தா தொந்தரவுன்னு உதறிட்டுப் போவோமே" என்றார். சின்னது எப்போது நின்றது என்று அவருக்கும் நினைவில்லை.

கீழ்ப்பகுதியில் இன்றுவரை குஞ்சு இல்லை, மட்டியிலும் இல்லை, கிளிஞ்சலிலும் இல்லை. மடத்துப் படித்துறையருகே மீன் நிறைய. ஆனால் அடிமண் இளஞ்சேறு என்பதால் மட்டிக்குஞ்சு குறைவு. பேட்டரிச் சத்தியம் கோயில் எல்லையில் நிற்கிறது, எல்லைக்கு வெளியே நிற்கவில்லை. மட்டி எடுப்பதற்கான தடையை மேல்பகுதியில் நீட்டித்திருக்கிறார்கள். இந்தமுறை தீர்மானித்த கூட்டத்தில் நான்கு பெண்கள் இருந்தார்கள். வீட்டுக்குழம்புக்கு ஆளுக்கு ஒரு கைக்கூடை, விற்பனைக்கு இல்லை என்ற விதிவிலக்கு அவர்கள் வைத்தது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

தடையோடு தொடங்காமல் சல்லடையோடு தொடங்க வேண்டும். மட்டி எத்தனை என்று எண்ணுவதற்கு முன் எந்தெந்த அளவில் இருக்கிறது என்று பார்த்திருந்தால் ஒரு முழு ஆண்டு மிஞ்சியிருக்கும். கூடவே மீன் தேவைப்படாத கிளிஞ்சலையும் அதே வாளியில் பார்ப்பது, ஆய்வுக்கூடம் இல்லாத ஊருக்குக் கிடைத்த மலிவான ஒப்பீடு. மற்ற ஓடைகளில் இதை முயல்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

கீழ்ப்பகுதிக்குச் செம்புதான் காரணம் என்பது வடிகால், கிளிஞ்சல், பயன்பாடு ஆகியவற்றை வைத்துச் செய்த ஊகம். தண்ணீரையும் சேற்றையும் சோதனைக்கு அனுப்பியதில்லை. குத்தகைக்காரர்களிடம் பேச்சு எடுபடாததற்கு அதுவும் ஒரு காரணம். கையில் காட்ட ஒரு தாள்கூட இல்லை. துத்தத்தை விட்டுத் தேயிலைவிதைப் பிண்ணாக்குக்கு மாறிக்கொள்கிறோம் என்று அவர்களில் ஒருவர் சொன்னதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிண்ணாக்கு மீனைக் கொல்லும் என்பதால் அதை ஏற்க முடியாது என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துத்தான் சொல்லப்பட்டது.

வருமானம் இழக்கிறவர்களைக் கேட்காமல் தடை போட்டதால்தான் விடியற்கால எடுப்பு நடந்தது. நத்தைக்கு விலை வைக்கும் ஏற்பாடு முதல் நாளே வந்திருக்கலாம். வாத்துப் பண்ணையும் நத்தையும் அப்போதும் இருந்தன.

மதகு ஏற்பாடு எழுத்தில் இல்லை. பழைய காவலர் ஓய்வுபெற்றுவிட்டார். புதிதாக வந்தவர் முதல் வெள்ளத்துக்குப் பலகையைத் தூக்க இரண்டு வாரம் தயங்கினார். குறிக்கல் வைத்திருக்கும் விவசாயியே போய் நின்று பேசிய பிறகுதான் திறந்தார். அந்த இரண்டு வார இழப்பு அடுத்த கோடைச் சல்லடையில் தெரியும். ஊர்க் கையெழுத்துகளோடு மதகு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதப்பட்டிருக்கிறது. பர்மிய மொழியில் அதைத் திருத்தி எழுதும் வேலை மடத்துப் பொங்கியிடம் இருக்கிறது.